பழைய வண்டியின் கம்பெனி ரேடியோவில் பாதி விளக்குகள் எரியவில்லை: அதே பல்பா, எல்இடியா?

பின்னிருக்கைப் பயணி எழுதியது:

1990களின் நடுப்பகுதியில் தயாரான கார் ஒன்றை வைத்திருக்கிறேன். கம்பெனியிலேயே பொருத்தி வந்த கேசட் ரேடியோதான் இன்றும் அதில் இருக்கிறது. ஒலியில் குறை எதுவும் இல்லை. நிலையங்களைத் தெளிவாக எடுக்கிறது, டேப்பும் ஓடுகிறது. ஆனால் ரேடியோ முகப்பின் உள்விளக்குகளில் பாதி போய்விட்டன. இரவில் ஹெட்லைட்டைப் போட்டால் இடப்பக்கப் பொத்தான்கள் மங்கிய பச்சையில் தெரிகின்றன. வலப்பக்கத்தில் உள்ள நிலையப் பொத்தான்கள் முழு இருட்டாக இருக்கின்றன. நடுவில் உள்ள எண்கள் பகலில் கறுப்பு எழுத்தாக நன்றாகவே தெரிகின்றன. ஆனால் முன்பு ரேடியோவைப் போட்டவுடனேயே, பகலானாலும் இரவானாலும், அவற்றின் பின்னால் வந்த வெளிச்சம் இப்போது அறவே இல்லை. ஸ்பீடோமீட்டர் உள்ளிட்ட மற்ற டேஷ்போர்டு விளக்குகள் ஒழுங்காக எரிகின்றன. டிம்மர் சக்கரத்தைத் திருப்பினால் அவை கூடிக் குறைகின்றன. ரேடியோவின் இடப்பக்கமும் அவற்றோடு சேர்ந்தே கூடிக் குறைகிறது.

தொடுதிரை வைத்த புதிய செட் ஒன்றை மாட்டிவிடும்படி பலரும் சொல்கிறார்கள். டேஷ்போர்டு அதன் பழைய தோற்றத்திலேயே இருக்க வேண்டும் என்பது என் விருப்பம் என்பதால், இருப்பதையே சரிசெய்ய நினைக்கிறேன். சால்டரிங் அயர்ன் பிடித்துப் பழக்கம் உண்டு; மல்டிமீட்டரும் இருக்கிறது. கார் ரேடியோவைப் பிரித்த அனுபவம் மட்டும் இல்லை. பல்புதான் போயிருக்கிறது என்பதைப் பிரிப்பதற்கு முன்பே உறுதிசெய்துகொள்ள முடியுமா? பிரித்த பிறகு அதே வகைப் பல்பைத் தேட வேண்டுமா, அல்லது எல்இடியைப் போட்டு இந்த வேலையை ஒரேயடியாக முடித்துவிடலாமா?


எர்த் ஒயர் எழுதியது:

நீங்கள் கவனித்துச் சொன்ன விவரங்களே பாதிப் பதிலைத் தந்துவிடுகின்றன. இடப்பக்கம் எரிகிறது, அதுவும் டிம்மருக்குக் கட்டுப்பட்டு எரிகிறது என்றால், வண்டியிலிருந்து ரேடியோவுக்கு வரும் விளக்கு ஒயரும், அதற்குரிய ஃபியூஸும், டிம்மரும் நல்ல நிலையில் இருக்கின்றன என்று பொருள். முகப்பு முழுவதும் இருட்டாக இருந்திருந்தால் நான் முதலில் ஃபியூஸைத்தான் பார்க்கச் சொல்லியிருப்பேன். பல வண்டிகளில் டெயில் லாம்ப், பார்க்கிங் விளக்கு ஆகியவற்றோடு டேஷ்போர்டு விளக்குகளுக்கும் ஒரே ஃபியூஸ் இருக்கும். அது போனால் பின்விளக்கும் சேர்ந்து அணைந்திருக்கும்.

எண்களுக்குப் பின்னால் உள்ள வெளிச்சம் வேறு கதை. அது ஹெட்லைட்டைச் சாராமல், ரேடியோவைப் போட்டவுடன் எரிந்தது என்கிறீர்கள். அப்படியானால் அந்த விளக்குகளுக்கு மின்சாரம் டிம்மர் வழியாக வரவில்லை. ரேடியோவின் உள்ளேயே, செட் இயங்கத் தொடங்கும்போது உயிர்பெறும் பாதையிலிருந்து வருகிறது. ஆகவே உங்களிடம் இருப்பது ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு சுற்றுகள், அவற்றில் இரண்டு தனித்தனிக் குறைகள். பல்பு வாங்கும்போதும், எல்இடியா வேண்டாமா என்று முடிவெடுக்கும்போதும் இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

செட்டை வெளியே இழுத்தபின், பிரிப்பதற்கு முன், பின்புறக் கனெக்டரில் ஓர் அளவீடு எடுத்துவிடுவது நல்லது. பல கம்பெனிகளுக்கும் பொதுவான ஐஎஸ்ஓ வகைக் கனெக்டராக இருந்தால், மின்சாரம் வரும் கட்டையில் 4ஆம் முனை பேட்டரியிலிருந்து நேராக வருவது, 6ஆம் முனை விளக்குக்கு உரியது, 7ஆம் முனை இக்னிஷன் சாவியோடு வருவது, 8ஆம் முனை எர்த். சில தயாரிப்புகளில் 4ஆம் 7ஆம் முனைகள் இடம் மாறியிருக்கும். உங்கள் கனெக்டர் அந்த வண்டிக் கம்பெனியின் சொந்த வடிவமாக இருந்தால் முனைகளின் எண்ணை நம்பாமல் ஒவ்வொன்றாக அளந்து அடையாளம் காண்பதே பாதுகாப்பு. அளக்கும்போது ஏமாறக்கூடிய இடம் ஒன்று உண்டு. பல ஜப்பானியத் தயாரிப்புகளில் டிம்மர் பிளஸ் பக்கத்தில் இருக்காது, மைனஸ் பக்கத்தில் இருக்கும். விளக்குக்கென இரண்டு ஒயர்கள் வரும். பிளஸ் ஒயர் எப்போதும் முழு வோல்ட்டேஜில் நிற்க, மைனஸ் ஒயர் டிம்மரைச் சுற்றிக்கொண்டுதான் எர்த்துக்குப் போகும். அத்தகைய வண்டியில் மீட்டரின் கறுப்பு முனையை பாடி எர்த்தில் வைத்து அளந்தால், டிம்மரை எவ்வளவு திருப்பினாலும் வோல்ட்டேஜ் அசையாது. டிம்மர் பழுது என்று தவறாக முடிவுகட்ட நேரும். அந்த இரண்டு ஒயர்களுக்கும் இடையில் அளந்தால்தான் உண்மை தெரியும். பல்பை மாற்றும்போது அதன் மைனஸ் காலைச் செட்டின் உலோக உடம்பில் சேர்த்துவிட்டாலும் அதே காரணத்தால் டிம்மர் வேலை செய்யாமல் போய்விடும்.

உங்கள் செட்டில் எல்லாக் குறிகளும் பல்பையோ, பல்பின் காலில் விட்டுப்போன ஈயப்பற்றையோதான் காட்டுகின்றன. தயங்காமல் பிரிக்கலாம்.


ஈயமும் குங்கிலியமும் எழுதியது:

பிரிக்கும் வேலையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். கருவியை எடுப்பதற்கு முன் இந்த ரேடியோவுக்குப் பாதுகாப்பு எண் உண்டா என்று பாருங்கள். அந்தக் காலத்துச் செட்டுகள் பலவற்றில், பேட்டரித் தொடர்பு அறுந்து மீண்டும் வந்தால், திருட்டைத் தடுப்பதற்காக ஓர் எண்ணைக் கேட்கும். அந்த எண் வண்டியின் கையேட்டிலோ அதனுடன் வந்த அட்டையிலோ இருக்கும். எண் கைவசம் இல்லாமல் ஒயரைக் கழற்றினால், விளக்கைச் சரிசெய்துவிட்டு ஊமைச் செட்டை வைத்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். எண் கிடைத்த பிறகு பேட்டரியின் மைனஸ் டெர்மினலைக் கழற்றிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். செட் இருக்கும் இடத்துக்கு அருகே ஏர்பேக் தொடர்பான ஒயர்கள் போகும் வண்டியாக இருந்தால் இந்தப் படியைக் கட்டாயம் தவிர்க்கக் கூடாது.

செட்டின் இரு ஓரங்களிலும் சிறு துளைகள் தெரிந்தால், அவற்றில் செருகி இழுக்கும் யூ வடிவக் கம்பிச் சாவிகள் தேவை. துளை எதுவும் இல்லையென்றால் சுற்றியுள்ள பிளாஸ்டிக் சட்டத்தைக் கழற்றினால் திருகுகள் தெரியும். இத்தனை ஆண்டு வெயிலைக் கண்ட பிளாஸ்டிக் கிளிப்புகள் மிக எளிதில் ஒடியும். குளிர்ந்த வேளையில் இந்த வேலையைச் செய்யாதீர்கள். ஹேர் டிரையரால் சட்டத்தை இளஞ்சூடாக்கிவிட்டு, ஸ்க்ரூடிரைவருக்குப் பதில் பிளாஸ்டிக் நெம்புகோலைப் பயன்படுத்துங்கள்.

மேசைக்கு வந்தபின் முகப்பைத் தனியாகப் பிரிக்க வேண்டும். குமிழ்களை நேராக இழுத்தால் கழன்றுவிடும். சில குமிழ்களின் அடியில் நட்டு ஒன்று இருக்கும். முகப்பின் மேலும் கீழும் உள்ள கொக்கிகளை ஒவ்வொன்றாக விடுவித்து, முழு முகப்பையும் ஒரே சீராக முன்னால் இழுங்கள். அதற்கும் தாய்ப் பலகைக்கும் இடையே நாடா கேபிளோ நேரடிக் கனெக்டரோ இருக்கும் என்பதால் ஒரு பக்கமாகச் சாய்த்து இழுத்தால் முனைகள் வளைந்துவிடும். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு புகைப்படம் எடுத்துக்கொள்ளுங்கள். முகப்புப் பலகையின் திருகுகள் வெவ்வேறு நீளத்தில் இருப்பதும் உண்டு; நீளமானதைத் தவறான துளையில் முடுக்கினால் முன்பக்கப் பிளாஸ்டிக்கில் புடைத்துக்கொண்டு வரும்.

உள்ளே பெரும்பாலும் இரண்டு வகைப் பல்புகள் இருக்கும். ஒரு வகை, கோதுமை மணி அளவேயுள்ள கண்ணாடிப் பல்பு. அதன் இரண்டு மெல்லிய கால்களும் நேராகப் பலகையில் பற்றவைக்கப்பட்டிருக்கும். மற்றொன்று, பிளாஸ்டிக் அடிப்பகுதியோடு வருவது. தட்டை ஸ்க்ரூடிரைவரால் கால் சுற்றுத் திருப்பினால் கையோடு வந்துவிடும். நிறம் பல்பில் இல்லை. அதன் தலையில் மாட்டியிருக்கும் பச்சை அல்லது நீல சிலிகான் தொப்பியில்தான் இருக்கிறது. அந்தத் தொப்பிகளைக் கிழிக்காமல் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள், ஏனெனில் பல்பைவிட அவற்றுக்கு மாற்றுக் கிடைப்பதுதான் கடினம்.

பல்பைச் சோதிக்க ஓம் அளவீடே போதும். 14 வோல்ட், 80 மில்லி ஆம்பியர் பல்பு எரியும்போது அதன் தடை 175 ஓம். ஆனால் குளிர்ந்த இழையின் தடை அதில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று அருகிலோ குறைவாகவோ, ஏறத்தாழ 15 முதல் 20 ஓம் வரை காட்டும். அதைப் பார்த்து ஷார்ட் என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டு பல்புகள் பக்கவாட்டு (பேரலல்) இணைப்பில் இருந்தால் ஒன்று போனாலும் மற்றொன்றின் வழியாக மீட்டர் ஏதாவது ஓர் எண்ணைக் காட்டிக்கொண்டிருக்கும். ஒரு காலையாவது விடுவித்துவிட்டு அளப்பதே சரி.

வாங்குவதற்கு முன் கண்ணாடியின் விட்டத்தை வெர்னியரால் அளந்துகொள்ளுங்கள். டி என்ற எழுத்துக்குப் பின் வரும் எண்ணில் இரண்டு மரபுகள் கலந்து கிடக்கின்றன. அமெரிக்க மரபில் அந்த எண் அங்குலத்தின் எட்டில் ஒரு பங்குகளைக் குறிக்கும். அதன்படி டி-1¾ என்றால் 5.56 மில்லிமீட்டர். கார் உதிரிப் பொருள் விற்பவர்கள் டி5, டி3 என்று சொல்லும்போது அது ஏறத்தாழ மில்லிமீட்டரைக் குறிக்கிறது. வோல்ட்டேஜையும் ஊகிக்க வேண்டாம். சில செட்டுகளில் 6 அல்லது 8 வோல்ட் பல்பைப் போட்டு, தொடரில் ஒரு ரெசிஸ்டரை வைத்திருப்பார்கள். பல்பைக் கழற்றிய சாக்கெட்டில் மீட்டரை வைத்தால், மின்னோட்டம் இல்லாததால் அந்த ரெசிஸ்டர் எதையும் விழுங்காது. முழு 12 வோல்ட்டும் தெரியும். பலகையில் செப்புப் பாதையைக் கண்ணால் தொடர்ந்து பார்த்து, வழியில் ரெசிஸ்டர் இருக்கிறதா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள்.


பின்னிருக்கைப் பயணி எழுதியது:

இருவருக்கும் நன்றி. பாதுகாப்பு எண் கையேட்டின் பின்னட்டையில் எழுதப்பட்டிருந்தது. செட்டை வெளியே எடுத்துப் பிரித்தும்விட்டேன்.

எண்களுக்குப் பின்னால் ஒளி செலுத்தும் அக்ரிலிக் தகட்டின் இரு முனைகளிலும் திருப்பிக் கழற்றும் வகைப் பல்புகள் ஒவ்வொன்று இருந்தன. ஒன்றின் கண்ணாடி உள்ளே கறுத்திருக்கிறது, மற்றொன்றில் இழை அறுந்து தொங்குவது வெறும் கண்ணுக்கே தெரிகிறது. பொத்தான்களுக்கு இடப்பக்கம் இரண்டு, வலப்பக்கம் இரண்டு என்று நேராகப் பற்றவைத்த பல்புகள் இருக்கின்றன; எல்லாவற்றிலும் பச்சைத் தொப்பி. வலப்பக்கத்தில் ஒன்றின் இழை அறுந்திருக்கிறது. மற்றொன்று கழற்றி அளந்தபோது 17 ஓம் காட்டியது, 12 வோல்ட்டில் நன்றாகவே எரிந்தது. ஆனால் பலகையில் இருந்தவரை எரியவில்லை. பூதக்கண்ணாடியில் பார்த்தபோது அதன் ஒரு காலைச் சுற்றி ஈயத்தில் மெல்லிய வளையம் போன்ற விரிசல் தெரிந்தது, பலகையும் அந்த இடத்தில் பழுப்பேறியிருக்கிறது. பல்புகளுக்குப் போகும் பாதையில் ரெசிஸ்டர் எதுவும் இல்லை.

அறுந்த பல்புகளுக்கு மாற்று கிடைக்கிறது. ஆனாலும் செட்டைத் திறந்து வைத்திருக்கும் இந்த நேரத்திலேயே எல்லாவற்றையும் எல்இடியாக மாற்றினால் மறுபடி பிரிக்க வேண்டியிருக்காதே என்ற எண்ணம் போகவில்லை.


ஒளிக்கீற்று எழுதியது:

தாராளமாக எல்இடிக்கு மாறுங்கள் என்பதே என் கருத்து. பலகை பழுப்பேறியதற்கும் ஈயப்பற்று விரிந்ததற்கும் காரணம் அந்தப் பல்புகளின் சூடுதான். 80 மில்லி ஆம்பியர் பல்பு ஒன்று 14 வோல்ட்டில் ஒரு வாட்டுக்கும் மேல் எடுத்துக்கொள்கிறது, அதில் மிகப் பெரும்பங்கு வெப்பமாகவே போகிறது. எல்இடிக்கு 10 மில்லி ஆம்பியர் போதும்.

கணக்கு எளியது. எஞ்சின் ஓடும்போது வண்டியில் 14.4 வோல்ட் வரை வரும். வெள்ளை எல்இடி தனக்கென 3.2 வோல்ட் அளவு எடுத்துக்கொள்ளும், மீதி 11.2 வோல்ட்டை ரெசிஸ்டர் தாங்க வேண்டும். 1.2 கிலோ ஓம் போட்டால் மின்னோட்டம் 9.3 மில்லி ஆம்பியர் ஆகும். ரெசிஸ்டரில் சிதறும் திறன் 0.1 வாட் அளவுதான் என்பதால் கால் வாட் ரெசிஸ்டரே தாராளம். ஒவ்வோர் எல்இடிக்கும் தனி ரெசிஸ்டர் போடுங்கள். ஒரே ரெசிஸ்டரில் இரண்டைப் பக்கவாட்டில் இணைத்தால் ஒன்று மற்றதைவிட அதிகமாக எரியும். பல்புக்குத் திசை கிடையாது, எல்இடிக்கு உண்டு. ஆகவே எந்தக் கால் பிளஸ் என்பதை விளக்கைப் போட்ட நிலையில் பலகையில் அளந்து குறித்துக்கொள்ள வேண்டும். பின்னோக்கி வரும் வோல்ட்டேஜை எல்இடி அதிகம் தாங்காது. பெரும்பாலானவற்றின் எல்லை 5 வோல்ட்தான். மின்னோட்டத்தை ஒரே திசையில் மட்டும் விடும் 1என்4148 வகை டையோடு ஒன்றைத் தொடரில் சேர்த்துவிட்டால் அந்தக் கவலையும் இல்லை.

நிறத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். இன்று எளிதாகக் கிடைக்கும் பளிச்சென்ற பச்சை எல்இடியின் அலைநீளம் 520 முதல் 525 நானோமீட்டர் வரை. அது கொஞ்சம் நீலம் கலந்த பச்சையாகத் தெரியும். உங்கள் டேஷ்போர்டின் பச்சை, மஞ்சள் சாயல் உள்ளதாக இருந்தால் 570 நானோமீட்டர் அருகே ஒளிரும் பழைய வகைப் பச்சையைக் கேட்டு வாங்குங்கள். அதன் வோல்ட்டேஜ் 2.1 அளவில் இருக்கும், அதே 1.2 கிலோ ஓம் அதற்கும் பொருந்தும். இல்லையென்றால் மஞ்சள் சாயல் கொண்ட வெள்ளை எல்இடியின் மேல் பழைய பச்சைத் தொப்பியையே மாட்டலாம். நீலச் சாயல் வெள்ளையை மட்டும் அந்தத் தொப்பியின் கீழ் போடாதீர்கள், நிறம் கெட்டுவிடும்.


ஈயமும் குங்கிலியமும் எழுதியது:

ஒளிக்கீற்று சொன்ன கணக்கில் பிழை எதுவும் இல்லை. ஆனால் அது டிம்மரைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை, பொத்தான் விளக்குகளைப் பொறுத்தவரை டிம்மர்தான் முக்கியம்.

இந்த வயதுடைய வண்டிகளில் டிம்மர் என்பது பெரும்பாலும் மின்தடையைக் கூட்டிக் குறைக்கும் ஒரு சக்கரம். அதை அரைவாசிக்குத் திருப்பி, விளக்கு ஒயரில் 14.4 வோல்ட்டை 7.2 ஆகக் குறைக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இழைப் பல்பின் ஒளி, வோல்ட்டேஜின் ஏறத்தாழ 3.5ஆம் அடுக்குக்கு ஏற்பக் குறையும். வோல்ட்டேஜ் பாதியானால் ஒளி பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடுகிறது. அதே நேரத்தில் 1.2 கிலோ ஓம் வைத்த வெள்ளை எல்இடியில் 3.3 மில்லி ஆம்பியர் ஓடிக்கொண்டிருக்கும், அதாவது முழு ஒளியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். ஸ்பீடோமீட்டர் கண்ணுக்கு இதமாக மங்கியிருக்க, ரேடியோவின் பொத்தான்கள் மட்டும் பளீரென்று நிற்கும். இரவில் நெடுந்தூரம் ஓட்டுகிறவருக்கு இது அழகு சார்ந்த குறை மட்டுமல்ல, ஓரக்கண்ணில் தொடர்ந்து உறுத்துகிற ஒன்று. டேஷ்போர்டு முழுவதையும் எல்இடியாக மாற்றிவிட்டால் நிலைமை இன்னும் மோசமாகும்: பெரிய மின்னோட்டத்துக்கென்று வடிவமைத்த டிம்மரில் எல்இடிகளின் சிறு மின்னோட்டம் ஓடும்போது வோல்ட்டேஜ் அநேகமாகக் குறையவே குறையாது. மின்சாரத்தை வேகமாக விட்டு விட்டுத் தந்து ஒளியைக் குறைக்கும் டிம்மர் உள்ள வண்டிகளில் மட்டும் எல்இடி ஒழுங்காக மங்கும்.

இழைப் பல்பின் ஆயுள் குறைவு என்ற குறைக்கு வேறு மருந்து இருக்கிறது. வோல்ட்டேஜைச் சற்றே குறைத்தால் பல்பின் ஆயுள் மிகப் பெரிய அளவில் கூடும். அந்த உறவு 12ஆம் அடுக்கு அல்லது அதற்கும் மேற்பட்டது. ஒவ்வொரு 80 மில்லி ஆம்பியர் பல்புக்கும் தொடரில் ஒரு 10 ஓம், கால் வாட் ரெசிஸ்டரைப் போடுங்கள். அதில் விழுவது 0.8 வோல்ட், 14.4இல் 5.6 சதவீதம். ஒளியில் 18 சதவீதம் போகும், அது கண்ணுக்கு அநேகமாகத் தெரியாது. ஆயுளோ ஏறத்தாழ இருமடங்காகும். இடப்பக்கம் எரிந்துகொண்டிருக்கும் இரண்டு பல்புகளும் அதே வயதுடையவை என்பதால் நான்கையும் ஒரே முறையில் மாற்றிவிடுங்கள். பழையவற்றை விட்டுவைத்தால் ஒரு பக்கம் பளிச்சென்றும் ஒரு பக்கம் மங்கியும் தெரியும்.

எண்களின் பின்விளக்குக்கு இந்த வாதம் எதுவும் பொருந்தாது. அது டிம்மரோடு தொடர்பில்லாதது. செட் ஓடும் நேரமெல்லாம் எரிவது, ஆகவே முதலில் போவதும் அதுதான். அங்கே எல்இடி போடுவதை நானும் ஆதரிக்கிறேன்.

பற்றவைக்கும்போது 320 முதல் 350 டிகிரி செல்சியஸ் போதும். பழைய பல்பின் காலை இழுத்துப் பிடுங்கக் கூடாது. முதலில் அந்த இடத்தில் புதிய ஈயத்தைக் கொஞ்சம் சேர்த்து உருக்குங்கள், பிறகு செப்புப் பின்னல் நாடாவால் உறிஞ்சி எடுங்கள். பழுப்பேறிய இடத்தில் செப்புத் தகடு பலகையை விட்டுக் கழன்று வரக் காத்திருக்கும். அங்கே சூட்டை மூன்று விநாடிக்கு மேல் வைக்க வேண்டாம்.


நீலப்பச்சை எழுதியது:

இதோடு தொடர்புடைய ஒரு கேள்வி. என் பழைய வண்டியின் ரேடியோவில் எண்கள் நீலமும் பச்சையும் கலந்த நிறத்தில் தாமாகவே ஒளிர்கின்றன. கறுப்பு எழுத்து கிடையாது. ஹெட்லைட்டைப் போட்டவுடன் எண்கள் மங்கிவிடுகின்றன, பகலில் வெயிலில் படிக்கவே முடியவில்லை. இதற்கும் பல்பு மாற்ற வேண்டுமா?


எர்த் ஒயர் எழுதியது:

மாற்றுவதற்கு அதில் பல்பு இல்லை. உங்களிடம் இருப்பது விஎஃப்டி எனப்படும் வெற்றிடக் குழாய்த் திரை. தட்டையான கண்ணாடிக் குழாய்க்குள், தலைமுடி போன்ற மெல்லிய இழைகளிலிருந்து எலக்ட்ரான்கள் புறப்பட்டு, பாஸ்பர் பூசிய எண் வடிவங்களில் மோத, அவை ஒளிர்கின்றன. ஹெட்லைட் போட்டதும் மங்குவது பழுதல்ல. இரவில் கண் கூசாமலிருக்க, விளக்கு ஒயரில் வோல்ட்டேஜ் வந்தால் எண்களை மங்கலாக்கும்படிதான் அந்தச் செட் வடிவமைக்கப்பட்டிருக்கும். பகலில் ஹெட்லைட்டோடு ஓட்டினால் எண்கள் தெரியாமல் போவதும் அதனால்தான்.

ஹெட்லைட் இல்லாதபோதும் மங்கல் என்றால், குழாய்க்குத் தேவையான கூடுதல் வோல்ட்டேஜை உண்டாக்கும் பகுதியில் உள்ள எலக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டர்கள் காய்ந்துபோயிருக்கலாம், அவற்றை மாற்றலாம். குழாயின் ஓரத்தில் கண்ணாடியின் உட்புறம் ஒரு வெள்ளிப் பூச்சு தெரியும். அது பால் வெள்ளையாக மாறியிருந்தால் உள்ளே காற்று புகுந்துவிட்டது, அந்தக் குழாய் முடிந்தது. பூச்சு நன்றாக இருந்து, கெப்பாசிட்டரும் நன்றாக இருந்து, அடிக்கடி ஒளிரும் கோடுகள் மட்டும் மங்கியிருந்தால் பாஸ்பர் தேய்ந்துவிட்டது என்று பொருள். அதற்கு வேறொரு செட்டிலிருந்து குழாயை எடுத்து மாற்றுவதைத் தவிர வழியில்லை.


பின்னிருக்கைப் பயணி எழுதியது:

நீங்கள் சொன்னபடி பொத்தான்களுக்கு நான்கு புதிய இழைப் பல்புகளும், ஒவ்வொன்றுக்கும் 10 ஓம் ரெசிஸ்டரும் போட்டேன். விரிசல் கண்ட இடத்தில் பழைய ஈயத்தை முழுவதும் எடுத்துவிட்டுப் புதிதாகப் பற்றவைத்தேன். எண்களுக்குப் பின்னால், பழைய பிளாஸ்டிக் அடிப்பகுதியிலேயே மஞ்சள் சாயல் வெள்ளை எல்இடியையும் 1.2 கிலோ ஓம் ரெசிஸ்டரையும் பொருத்தி, பச்சைத் தொப்பியை மாட்டினேன். செட்டை வண்டியில் ஏற்றுவதற்கு முன் மேசையிலேயே 1 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக 12 வோல்ட் கொடுத்துப் பார்த்தேன். பொத்தான்கள் இரண்டு பக்கமும் ஒரே அளவில் எரிகின்றன, நிறமும் எண்களின் பின்னணியோடு ஒத்துப்போகிறது.

இரண்டு சிறு குறைகள் மிச்சம். எண்களின் பின்னணியில் இரு ஓரங்களும் பளிச்சென்றும் நடுப்பகுதி சற்று இருண்டும் இருக்கிறது. பழைய பல்பு இருந்தபோது இப்படி இல்லை. மேலும் கடைசி எண்ணின் கீழ்க்கோடு ஒன்று, பிரிப்பதற்கு முன் நன்றாகத் தெரிந்தது, இப்போது விட்டு விட்டுத் தெரிகிறது.


ஒளிக்கீற்று எழுதியது:

முதல் குறைக்குக் காரணம், 5 மில்லிமீட்டர் எல்இடியின் முனையில் உள்ள குவிந்த தலை. அது லென்ஸ் போல ஒளியை ஒரே திசையில் குறுக்கி அனுப்புகிறது. பல்போ எல்லாப் பக்கமும் பரப்பியது. தலையைத் தட்டையாகத் தேய்த்துவிட்டு, மெல்லிய உப்புத்தாளால் சொரசொரப்பாக்குங்கள்; ஒளி விரியும். அதோடு அக்ரிலிக் தகட்டின் பின்னால் வெள்ளைத்தாளோ வெள்ளிப் படலமோ இருந்ததா என்று உங்கள் புகைப்படங்களில் பாருங்கள். பிரிக்கும்போது அது நழுவிப் பலகைக்கடியில் போயிருந்தாலும் நடுப்பகுதி இருளும். தகட்டில் தூசி இருந்தால் சோப்புத் தண்ணீரால் மட்டும் கழுவுங்கள். ஐசோபுரொபைல் ஆல்கஹால் பட்டால் பழைய அக்ரிலிக்கில் மயிரிழை வெடிப்புகள் வரலாம்.


எர்த் ஒயர் எழுதியது:

இரண்டாவது குறை விளக்குக்கு அப்பாற்பட்டது. எல்சிடி கண்ணாடிக்கும் பலகைக்கும் நடுவே, ஸீப்ரா ஸ்ட்ரிப் என்று ரேடியோ மெக்கானிக்குகள் சொல்லும் ரப்பர் பட்டை ஒன்று இருக்கும். கடத்தும் அடுக்கும் கடத்தாத அடுக்கும் மாறி மாறி அமைந்த அந்தப் பட்டை வெறும் அழுத்தத்தால்தான் தொடர்பு ஏற்படுத்துகிறது; ஈயப்பற்று எதுவும் இல்லை. விளக்கை மாற்றும்போது கண்ணாடி சற்று நகர்ந்தாலோ, விரல் எண்ணெய் பட்டாலோ ஒரு கோடு காணாமல் போகும். பட்டையையும், அது உட்காரும் செப்பு முனைகளையும், கண்ணாடியின் விளிம்பையும் நூல் உதிராத துணியில் ஐசோபுரொபைல் ஆல்கஹாலைத் தொட்டு ஒற்றித் துடையுங்கள். இந்த இடத்துக்கு மட்டும்தான் ஆல்கஹால். கண்ணாடியின் மேல் ஒட்டியிருக்கும் போலரைசர் படலத்தில் அது வழியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். காய்ந்தபின் பட்டையை விரலால் தொடாமல் இடுக்கியால் எடுத்து அதே திசையில் வைத்து, உலோகச் சட்டத்தின் காதுகளை இரு பக்கமும் சமமாக மடக்குங்கள். முகப்பை மூடுவதற்கு முன் எல்லாக் கோடுகளும் ஒரே நேரத்தில் தெரியும்படி 8 எண் அதிகமாக வரும் அலைவரிசை ஒன்றுக்குத் திருப்பிப் பார்த்துவிடுங்கள்.


பின்னிருக்கைப் பயணி எழுதியது:

வெள்ளிப் படலம் உண்மையாகவே ஒரு பக்கம் மடிந்திருந்தது. அதை நேராக்கி, எல்இடியின் தலையைத் தேய்த்ததும் நடுவில் இருந்த இருட்டு போய்விட்டது. பட்டையைத் துடைத்து வைத்தபின் 88.8 வரை திருப்பிப் பார்த்தேன். எல்லாக் கோடுகளும் முழுமையாகத் தெரிகின்றன. செட் வண்டிக்குள் ஏறிவிட்டது, பாதுகாப்பு எண்ணையும் ஏற்றுக்கொண்டது. டிம்மரைத் திருப்பினால் ஸ்பீடோமீட்டரும் பொத்தான்களும் ஒன்றாகவே மங்குகின்றன. எண்களின் பின்னணி மட்டும் டிம்மருக்குக் கட்டுப்படாமல் இரவில் சற்று அதிகமாகத் தெரிகிறது. அடுத்த முறை பிரிக்க நேர்ந்தால் அங்கே 1.2 கிலோ ஓமுக்குப் பதில் 2.2 கிலோ ஓம் போட உத்தேசம்.